தவிட்டுக்கு வாங்கிய சூசன்னா

கோபமாக இருக்கும்போது எழுத உட்காராதே என்பார் என் வீட்டுக்காரர். அவர் பேச்சைக் கேட்டால் பத்திரிகையில் இந்தப் பக்கம் வாராவாரம் வெள்ளையாகத்தான் வரும். அதனால் எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை உத்திரமேரூர் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். என் சொந்த வேலை இல்லை. எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் பச்சையம்மாளின் மகளுக்கு ஜாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ப்ளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே அந்தப் பெண்தான் முதல். டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் போடக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. சான்றிதழ் வைக்காமல் அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும்.

பச்சையம்மாள் ஏற்கெனவே மூன்று நடை நடந்துவிட்டாள். நாலாவது நடைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

"யம்மா, நீங்க படிச்சவங்க. பேசக்கூட வேணாம், சும்மா பக்கத்துல நில்லுங்க, போதும்."

பேச வேண்டாமாம். என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

மூன்று நடை எதற்கு? பெண்ணின் பேர் சூசன்னா. அவ்வளவுதான் குற்றம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா. இந்தப் பக்கம் பச்சையம்மாள், அவள் புருஷன் ஏழுமலை, சூசன்னா, நான். கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சீட்டில் 'இந்து' என்று எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. பள்ளிக்கூட டி.சி.யிலும் இந்து. குமாஸ்தா இரண்டையும் விரல் நுனியால் ஓரமாகத் தள்ளினார்.

"பேரு சூசன்னா. மதம் இந்து. இன்னாம்மா, யாரை ஏமாத்தப் பாக்கறே?"

"நாங்க வருசா வருசம் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தறவங்க சாமி. ஊர்ல வந்து கேட்டுப் பாரு."

"ஊர்ல வந்து இன்னா கேக்கறது? அதான் பேரே சொல்லுதே. கிறிஸ்துவ வேதத்துல சேந்துக்கினு, இங்க வந்து சலுகையும் கேட்டா எப்படி?"

மதம் மாறினால் சலுகையும் மாறும் என்பது சட்டம். அது சரியா, தப்பா என்பது வேறு சண்டை. அதை நான் இன்னொரு நாள் போட்டுக்கொள்கிறேன். இவர்கள் மாறவே இல்லையே… அதுதான் இன்றைய சண்டை.

சரி, கூழ் ஊற்றுகிற வீட்டில் சூசன்னா எப்படி வந்தாள்? நியாயமான கேள்விதான். கேட்டிருந்தால் பச்சையம்மாள் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

பச்சையம்மாளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று ஒன்பது நாள். இன்னொன்று பேர்கூட வைக்கவில்லை. மூன்றாவது பிரசவம் கஷ்டமாகி, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டு நாள் கூடவே இருந்து பிள்ளையை எடுத்துக் கொடுத்தவர் ஒரு மலையாள நர்ஸ்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறப்பதை 'இது எங்கள் பிள்ளை இல்லை' என்று காட்டிவிட வேண்டும். சிலர் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து வருவார்கள். சிலர் வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு, அவர்களிடமிருந்து தவிட்டுக்கு வாங்கிக்கொள்வார்கள். எமன் வந்து பார்த்து, வீடு தப்பி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போக வேண்டும். அவனையும் ஏமாற்றப் பார்க்கிற ஜனங்கள் நாம்.

ஏழுமலை பக்கத்து ரைஸ் மில்லுக்கு ஓடி, துண்டில் தவிடு கட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையை நர்ஸ் கையில் கொடுத்து, "இனிமே இது உங்க புள்ளை" என்றார்கள். பிறகு தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். யார் பிள்ளையோ அவர்கள்தானே பேர் வைக்க வேண்டும்? அந்த நர்ஸ் பாவம், தவிட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்திருக்கிறார். சட்டென்று வேறு பேர் வாயில் வரவில்லை. தன் பேரையே சொல்லிவிட்டார்.

சொல்லுங்கள், இதைவிட அசலான நம் ஊர் வழக்கம் வேறு உண்டா?

இதைச் சொல்லத்தான் பச்சையம்மாள் வாயைத் திறந்தாள். "தவுட்டுக்கு வாங்கின புள்ளைங்க…" என்று ஆரம்பித்ததுமே குமாஸ்தா கையைக் காட்டி நிறுத்தினார். "இந்தக் கதையெல்லாம் இங்க வேணாம். கெஜட்டுல பேரை மாத்திக்கினு வா. நல்ல பேரா வை. சரோஜா, பங்கஜம்னு எவ்ளோ கீது."

பங்கஜம் என்று சொல்லும்போது மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மாவின் பேர் பங்கஜம்.

பச்சையம்மாளின் முகம் செத்துவிட்டது. தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் பேரை மாற்றினால் பிள்ளை தங்காது என்பது நம்பிக்கை. பதினேழு வருஷமாக அந்தப் பேரைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஏழுமலை குனிந்து அவள் காதில், "மாத்தித்தான் தொலைப்போமே… டிரெயினிங் சீட்டு பூடும்டி" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், மாட்டேன் என்று. சூசன்னா டி.சி.யை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. திங்கட்கிழமையே நான் ஆயுதத்தோடு தயார். எங்கள் வீட்டில் பெயர்களுக்கு அர்த்தம் சொல்லும் ஒரு தடி இங்கிலீஷ் புத்தகம் இருக்கிறது. அதைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"சார், சூசன்னா என்றால் என்ன அர்த்தம் தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

அது எபிரேய மொழிப் பேர். யூதர்கள் வாயில் ஷோஷன்னா. லில்லிப் பூ என்று அர்த்தம். அந்தச் சொல்லே எகிப்து தேசத்திலிருந்து வந்திருக்கலாம் என்கிறார்கள். அங்கே அது தாமரைக்குப் பேர். அந்தப் பூதான் கிரேக்கம், லத்தீன் என்று தேசம் தேசமாகப் போய், இங்கிலீஷில் சூசன் ஆனது. பிரெஞ்சில் சூசான். கேரளத்தில் சூசம்மா. எந்த மிஷன் ஆஸ்பத்திரியிலும் கண்ணை மூடிக்கொண்டு 'சூசி' என்று கூப்பிட்டுப் பாருங்கள்… ஒரு நர்ஸாவது திரும்பிப் பார்ப்பார்.

நாம் மட்டும் என்னவாம்? தெருவில் நின்று 'சரோஜா' என்று கூப்பிட்டால் நாலு வாசலில் தலை தெரியும். சரோஜா, பங்கஜம், கமலா, பத்மா, அம்புஜம், நளினி… எல்லாமே தாமரைதான். தாமரையை எடுத்துவிட்டுத் தாமரையை வை என்கிறார் இந்த மனிதர். அதற்கு ஒரு கெஜட், ஒரு ஸ்டாம்பு பேப்பர், ஒரு தாயின் வயிற்றில் நெருப்பு.

மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். சொல்லிக்கொள்ளக் கூடாது, நன்றாகவே பேசினேன்.

குமாஸ்தா கொட்டாவி விட்டார். "எகிப்தெல்லாம் ஃபைல்ல போட முடியாதும்மா."

அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருப்பேன். கனமான மேஜை.

அந்த நேரத்தில்தான் மூலையிலிருந்து பங்கஜம் அம்மா கூப்பிட்டார். "குப்புசாமி சார், தாசில்தார் அந்த ரெஜிஸ்டரைக் கேக்கறாரு."

பச்சையம்மாள் தலையைத் தூக்கினாள். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"உம் பேரு குப்புசாமியா சாமி?"

"ஆமா. அதுக்கின்னா இப்ப?"

"உனக்கு முன்னால உங்கம்மாவுக்கு எத்தினி பூட்டுது?"

டைப்ரைட்டர் சத்தம் நின்றது. எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. குப்பைமேட்டில் கிடத்தி எடுத்த பிள்ளைக்கு வைக்கிற பேர் அல்லவா அது! இத்தனை நேரம் எகிப்து வரைக்கும் போய் வந்த எனக்கு, எதிரே உட்கார்ந்திருந்தவரின் பேர் கண்ணில் படவில்லை.

குப்புசாமி பேனா மூடியைத் திறந்தார். மூடினார்.

"மூணு" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல்.

"அம்மா கீறாங்களா?"

"கீறாங்க."

"இன்னிக்கு வூட்டுக்குப் போயி, பேரை மாத்திக்கப் போறேன்னு அவங்ககிட்ட சொல்லு. அவங்க இன்னா சொல்றாங்கன்னு கேட்டுக்கினு வந்து, அப்பால எம்பொண்ணுக்குச் சொல்லு."

அவள் குரல் ஏறவே இல்லை. குப்புசாமி தள்ளி வைத்த இரண்டு காகிதங்களையும் எடுத்தார், ஏதோ எழுதினார், தானே தாசில்தார் அறைக்குக் கொண்டுபோனார். மத்தியானம் மூன்றரைக்குச் சான்றிதழ் கையில் வந்தது. பேர்: சூசன்னா. மதம்: இந்து. புதன்கிழமை காலையில் ரிஜிஸ்தர் தபாலில் விண்ணப்பம் போய்விட்டது.

வியாழக்கிழமை பச்சையம்மாள் அரை ஆழாக்குப் பால் கூடுதலாக ஊற்றினாள். "நீங்க வந்து நின்னதாலதாம்மா" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அதான் கிடைச்சிடுச்சே, இன்னும் எதுக்கு முறைக்கிறே?" என்கிறார் வீட்டுக்காரர்.

முறைக்காமல்? தவிடு, குப்பை எல்லாம் அந்த ஆளுக்குத் தெரியாத கதையா? பிறந்ததிலிருந்து தன் தலையில் சுமந்துகொண்டிருக்கிறாரே! தெரிந்தும் மூன்று நடை நடக்க விட்டார். முத்திரை குத்திய காகிதம் செய்யாததை, பள்ளிக்கூடத்து முதல் மார்க் செய்யாததை, அவர் அம்மா எப்போதோ தொலைத்த மூன்று பிள்ளைகள் வந்து செய்ய வேண்டியிருந்தது.

அந்த நாற்காலியில் ஒரு வெங்கடேசன் உட்கார்ந்திருந்தால்…?