துடக்கு வீட்டில் சுவிசேஷம்

யாழ்ப்பாணத்தில் சுவிசேஷம் சொல்லப் போனவர்களுக்கு இருந்த பெரிய சிரமம், யாரும் எங்களை எதிர்க்கவில்லை என்பதுதான். கல்லெறிந்திருந்தால் அதையாவது ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சியாகச் சொல்லியிருக்கலாம். இங்கே கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினார்கள். தேத்தண்ணி தந்தார்கள். நாங்கள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, எல்லாம் ஒன்றுதானே என்றார்கள். அதோடு ஆள் கையை விட்டுப் போய்விடும். ஒருவரை வழி மாறச் சொல்ல வேண்டுமானால், அவர் முதலில் கொஞ்சமாவது நம்மோடு முரண்பட வேண்டும்.

நாங்கள் என்றால் நானும் மனைவியும். அறுபதுகளின் தொடக்கம், எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்குமுன். நான் மானிப்பாயில் கணக்கு வாத்தியார். பாட்டன் காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம். ஞானஸ்நானத்தைத் தூக்கத்தில் பெற்றவன், பிறகு வந்த பிரசங்கங்களையும் பெரும்பாலும் அப்படியே பெற்றுக்கொண்டவன். மனைவி அப்படியல்ல. அரியாலையில் நல்ல சைவக் குடும்பத்தில் பிறந்து, தாதிப் பயிற்சிக்கு வந்த இடத்தில் வேதத்தை வாசித்து, தானாகவே முடிவெடுத்தவள். பரம்பரைக் காணி வைத்திருப்பவனுக்கும் தானே உழைத்து ஒரு துண்டு வாங்கியவனுக்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குள் இருந்தது. அவள் எல்லை வேலியைத் தினமும் சுற்றிப் பார்ப்பாள். நான் என் காணியின் எல்லை எதுவென்றே சரியாக அறியாதவன்.

சனிக்கிழமை பின்னேரங்களில் அவள் சுவிசேஷக் கைப்பிரதிகளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சைக்கிள் கரியரில் ஏறுவாள். நான் மிதிப்பேன். வீடுகளில் பேசுவது அவள் வேலை, சைக்கிளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சைக்கிளை யாரும் எடுக்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஒரு வீட்டில் அவள் கொடுத்த இயேசு படக் கலண்டரைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டி, இயேசுவின் நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். எங்களை உள்ளே கூட்டிப்போய்ப் பெருமையாகக் காட்டினார்கள். அன்றைக்கு மற்ற வீடுகளுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு மிதிக்கச் சொன்னாள். பொட்டு நேர்த்தியாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அரியாலைக்கும் போவோம். அங்கே ஒரு ஒழுங்கையில் மட்டும் கெதியாக மிதிக்கச் சொல்வாள். அவளுடைய அண்ணன் வீடு அந்த ஒழுங்கையில் இருந்தது. தாய் தகப்பனை இளமையில் இழந்த அவளை வளர்த்து ஆளாக்கியவர் அவர். அவள் ஞானஸ்நானம் எடுத்து என்னைக் கட்டியபோது, இனி இந்த வாசற்படலைக்குள் கால் வைக்காதே என்றார். கத்தவில்லை, திட்டவில்லை. அவர் எதையும் ஒரு தரம்தான் சொல்வார். அவளும் வைக்கவில்லை. அந்த வீட்டுக்கு இந்தப் பக்கத்து வீட்டாருக்கும் அந்தப் பக்கத்து வீட்டாருக்கும் இரட்சிப்பைப் பற்றிச் சொன்னாள். அண்ணியார் சில வேளைகளில் படலையடியில் வந்து நிற்பார். எங்களைக் கண்டால் சிரிப்பார். இவளும் சிரிப்பாள். நான் மிதிப்பேன்.

அப்படியிருக்க ஒரு நாள் அண்ணியார் செத்துப் போனார். காய்ச்சல் என்று படுத்தவர் எழும்பவில்லை. செத்த வீட்டுக்கு வந்தவரைப் போ என்று சொல்வது எங்கள் ஊர்களில் இல்லை. எவ்வளவு பெரிய கோபமும் அன்றைக்கு ஒதுங்கித்தான் நிற்கும். மனைவி படலையைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அண்ணன் அவளைப் பார்த்தார். வழி விட்டார்.

எட்டாம் நாள் செலவு என்ற படையல் முடிந்ததும் உறவுக்காரர் தங்கள் தங்கள் வீடுகளுக்குப் போனார்கள். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. சாவு விழுந்த சைவ வீட்டுக்குத் துடக்கு, தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயில் படி மிதிக்கக்கூடாது, வீட்டுச் சாமியறையும் சாத்தியே கிடக்கும். காலையும் மாலையும் கும்பிட்டுப் பழகிய மனிதருக்கு, கும்பிட ஒரு இடம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் எல்லாக் கதவும் அடைபட்டுவிடும். ஒரு பின்னேரம் மனைவி தயங்கித் தயங்கி, நான் கொஞ்சம் வேதம் வாசிக்கட்டோ என்று கேட்டாள். அவர் சாத்தியிருந்த சாமியறையைப் பார்த்தார். பிறகு, வாசி என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவளை ஏற்றிக்கொண்டு அரியாலைக்கு மிதித்தேன். அண்ணன் விறாந்தைத் தூணோடு சாய்ந்திருந்து கேட்பார். என்னோடு அவர் பேசிய முதல் பேச்சு, சைக்கிளை நிழலில் விடச் சொன்னது. எனக்கு அது போதுமானதாக இருந்தது. செத்து நாலாம் நாள் இயேசு கூப்பிடக் கல்லறையிலிருந்து எழும்பி வந்தவனுடைய பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். அவன் வெளியே வந்த பிறகு என்ன சாப்பிட்டான், சகோதரிகள் அவனிடம் என்ன கேட்டார்கள் என்றெல்லாம் விசாரித்தார். அதெல்லாம் எழுதப்படவில்லை என்றாள் மனைவி. எழுதியிருக்க வேண்டும் என்றார் அவர்.

அவள் முகத்தில் அந்த நாட்களில் இருந்த வெளிச்சத்தை நான் முன்பும் கண்டதில்லை, பின்பும் காணவில்லை. வளர்த்த அண்ணன் தன் பக்கம் வந்துகொண்டிருக்கிறார் என்று நம்பினாள். போதகரிடம் சொன்னாள். போதகர் சபையிடம் சொன்னார். அந்தியேட்டிக்கு அடுத்த ஞாயிறு அவர் எங்கள் சபைக் கோயிலுக்கு வருவார், அவள் சாட்சி சொல்வாள் என்று முடிவாகிவிட்டது. அவரை எந்த வாங்கில் இருத்துவது என்றும் ஒரு சிறு விவாதம் நடந்தது.

எங்கள் அயலில் சைவ வீடுகளில் துடக்கென்றால் என் அப்பாவைக் கூப்பிட்டுச் செபம் பண்ணச் சொல்வார்கள். ஆசையோடு கேட்பார்கள், கண்ணீர்கூட விடுவார்கள். துடக்குக் கழிந்த அன்றே குளித்து முழுகிக் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அதில் எந்தக் கள்ளமும் இல்லை. தன் வீட்டுக் கிணறு இறைபடும்போது பக்கத்து வீட்டில் தண்ணீர் அள்ளுவதைப் போலத்தான். அந்தியேட்டி முடியட்டும், பொறுத்துப் பார்ப்போம் என்று அவளிடம் சொன்னேன். சைவ வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாததல்ல. ஆனால் சொந்த அண்ணன் என்று வந்தபோது தெரிந்ததெல்லாம் ஒதுங்கிக்கொண்டது. பிறவிக் கிறிஸ்தவர்களுக்கு விசுவாசம் காணாது, போதாது என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விசுவாசம் காணாது என்பது உண்மைதான்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் பின்னேரம் போனபோது வீடு மறுபடியும் உறவுக்காரரால் நிறைந்திருந்தது. அடுத்த நாள் விடியக் கிரியை செய்யக் கீரிமலைக் கடற்கரைக்குப் போக ஆயத்தங்கள் நடந்தன. முற்றத்தில் பெண்கள் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் எங்கள் இருவரையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். மனைவி வேதத்தைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"விசுவாசியாமல் செத்தால் நரகமெண்டு சொல்லுறியள். உன்ரை அண்ணி இப்ப எங்கை?"

எந்தக் கேள்விக்கும் வசனம் வைத்திருப்பவள் அவள். வேதத்தை மூடினாள். பிறகு, அண்ணி இதைப் பற்றிக் கேள்விப்படவில்லை, கேள்விப்படாதவர்களைக் கடவுள் எப்படி நியாயந்தீர்ப்பார் என்று நாம் சொல்ல முடியாது என்று மெல்லச் சொன்னாள்.

"ஏன் கேள்விப்படேல்லை? சனிக்குச் சனி நீ இந்த ஒழுங்கையாலைதானே போறனி. உன்னைப் பாக்கவெண்டே அவள் படலையடியிலை போய் நிக்கிறவள்."

"நீங்கள்தானே அண்ணை உள்ளுக்கு வரவேண்டாம் எண்டு சொன்னனியள்."

"ஓம், சொன்னனான்," என்றார். கிணற்றுக் கட்டில் இருந்த வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "ஒரு ஆளின்ரை உயிர் எரியிற விசயமெண்டால், நான் சொன்னன் எண்டதுக்காகவோ வராமல் விட்டனி?"

அவர் குரலில் கோபம் இல்லை. குத்திக்காட்டுவதற்காகவும் கேட்கவில்லை. மனைவியைப் பறிகொடுத்த மனிதர், தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைத் தெரிந்தவரிடம் கேட்டார். பாட்டன் காலத்திலிருந்து கிறிஸ்தவனாக இருக்கும் என்னிடம் அதற்கு ஒரு பதில் இருந்திருக்க வேண்டும். அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, எங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும்படி முற்றத்துப் பெண்களிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். தேத்தண்ணி வந்தது, குடித்தோம்.

வழியில் அவள் நெற்றியை என் முதுகில் வைத்துக்கொண்டு அழுதாள். சட்டை நனைந்தது. எதிர்க்காற்று வேறு. இறங்கித் தேற்றுவோமா என்று நினைத்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாததால் மிதித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நாள் அண்ணன் கீரிமலையில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். அதற்கடுத்த நாள் காலையில் முழுகிக் கோயிலுக்குப் போனார் என்று கேள்விப்பட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சபை வழக்கத்தை விட நிறைந்திருந்தது. முன் வாங்கில் அண்ணனுக்கென்று இடம் விட்டிருந்தார்கள். வேண்டாம், வீட்டில் நிற்போம் என்று நான் சொல்லிப் பார்த்தேன், அவள் கேட்கவில்லை. போதகர் பெயர் சொல்லி அழைத்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். கையில் வேதம் இல்லை.

"என்ரை அண்ணை வரமாட்டார்," என்றாள். "என்ரை அண்ணி செத்துப் போனா. கிழமைக்குக் கிழமை அவவின்ரை படலையைத் தாண்டிப் போனனான். அவவுக்கு நான் சொல்லேல்லை."

வாங்கில் இருந்துவிட்டாள். சாட்சி முடிந்ததும் எல்லோருமாக ஆமென் சொல்வது எங்கள் சபை வழக்கம். போதகர் வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இதற்கு ஆமென் சொல்லலாமா என்று அங்கே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.