ஈரப் பெயிண்ட்

அலைத்தடுப்புச் சுவரின் காவலாளிக்கு ஊரார் வைத்த பெயர் விசில்காரர். குளிர்காலத்தில் கடல் பொங்கினால் விசில் ஊதி, சுவர்மேல் நிற்பவர்களைக் கீழே இறக்குவது அவருடைய உத்தியோகம். வருடக்கணக்கில் தொண்டை வற்ற ஊதி அவர் சாதித்தது ஒன்றுதான். விசில் சத்தம் கேட்டால் இன்றைக்கு அலை பிரமாதமாக இருக்கும் என்று ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்துவிடுவார்கள். 'அபாயம்' என்று பெரிய பலகை வைத்துப் பார்த்தார். அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் ஆளாக வந்து நிற்பவன் அவருடைய மச்சினன்தான். கேமரா பைத்தியம். சுவரின் கடைசியில் இருக்கும் கல் பெஞ்சு அவனுக்குச் சிம்மாசனம். பெற்றவர்கள் போனபிறகு அக்காவின் கையில் வளர்ந்தவன், அவளுக்கு உயிர்.

அன்று காலை ரேடியோவில் புயல் எச்சரிக்கை. கல்லெல்லாம் மழை ஈரம், கால் வைத்தால் வழுக்கும். மனைவி கம்பளிக் குல்லாவை அவர் தலையில் அழுத்தி மாட்டினாள்.

"ஊரையே காப்பாத்துறீங்க, என் தம்பி ஒருத்தனைக் காப்பாத்த முடியாதா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்த வாசப்படி ஏறாதீங்க."

"நான் சொன்னா கேட்டுட்டுத்தான் மறுவேலை பாப்பான், போ!"

"கேக்குற மாதிரி சொல்லுங்க."

காவல் அறைக்கு வந்தவர் வழக்கம்போல அபாயப் பலகையைத் தேடினார். அதற்குப் பின்னால் கோடையில் கைப்பிடிக் கம்பிக்கு வர்ணம் அடித்தபோது மாட்டிய பழைய பலகை கிடந்தது. 'பெயிண்ட் ஈரம். தொடாதீர்கள்.' அந்த வாரம் முழுக்க ஒரு ஈ காக்கை சுவர்ப்பக்கம் எட்டிப்பார்க்காதது அவருக்கு ஞாபகம் வந்தது. கொட்டுகிற மழையில் அதைக் கொண்டுபோய்ச் சுவரின் நுழைவாயிலில் கட்டினார். விசில் சட்டைப்பையிலேயே இருந்தது.

மச்சினன் புதுக் கோட்டில் வந்தான், வெள்ளை வெளேரென்று. பலகையைப் படித்தவன் தீயை மிதித்தவன்போலப் பின்வாங்கினான்.

"என்ன மாமா, பெயிண்ட் அடிக்க வேற நாளே கிடைக்கலையா?"

"மேலிடத்து உத்தரவுப்பா. ஒட்டுச்சுன்னா போகாது."

அவன் முணுமுணுத்துக்கொண்டே தெருக்கோடி டீக்கடைக்குப் போய்விட்டான். பின்னால் வந்தவர்களும் புடவையையும் பேன்ட்டையும் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். இந்த மழையில் எப்படி ஐயா பெயிண்ட் நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு பேரலை வந்தது. அது வடிந்தபோது கல் பெஞ்சைக் காணோம். அது இருந்த இடத்தில் இரண்டு கம்பி மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. விசில்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அழுது முடிப்பதற்குள் மேலதிகாரி போன் செய்தார்.

"மழையில பெயிண்ட் அடிக்கச் சொன்ன மேதாவி யாருய்யா? காலையிலேர்ந்து ஒரே புகார்!"

சாயங்காலம் மச்சினன் வீட்டுக்கு வந்து, எடுக்க முடியாத படங்களுக்காகப் புலம்பினான். பெஞ்சு போன கதையைக் கேட்டதும் கேமராவைக் கழற்றிக் கீழே வைத்தான். அக்கா அவன் கன்னத்தைத் தடவினாள், முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை வருஷமா உயிரு போயிடும், உயிரு போயிடும்னு கத்துனீங்களே. துணி பாழாயிடும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"