கேசட்டில் அப்பா கேட்டது

கொல்லிமலையில் ஆசிரியை வேலை. குவார்ட்டர்ஸில் தனியாக இருக்கிறேன். என் ஸ்பீக்கரில் சில நாளாக வெறும் இரைச்சல்தான் வந்தது. திறந்து பார்த்தபோது ஒரு கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. புதியது வாங்கி வந்து இன்று பற்றவைத்தேன். ஈயம் உருகிய புகை மூக்கில் ஏறியதும் எங்கள் பழைய வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா போர்வெல் லாரியில் வடக்கே வேலைக்குப் போயிருந்தார். அவருக்கு எழுத வராது. கேசட்டில் பேசி, ஊருக்கு வரும் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். ஒருமுறை கேசட் வந்த அன்று பார்த்து எங்கள் டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது. அம்மா தானே பின்பலகையைக் கழற்றி, அறுந்துகிடந்த வயரைத் தேடிப் பிடித்தாள். பக்கத்து வீட்டில் சால்டரிங் கம்பி இரவல் வாங்கி ஒட்டினாள்.

"கண்ணு, சாப்ட்டியா?" என்றார் அப்பா. என் பதிலுக்காகக் கேசட்டில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

"சாப்ட்டேனுங்கப்பா" என்றேன்.

"ஏம்புள்ள, நீ நல்லாருக்கியா?" என்றார் அடுத்து, அம்மாவிடம்.

அம்மா கேசட்டைப் பின்னால் சுற்றி அந்தக் கேள்வியை மறுபடி கேட்டாள். இன்னொரு தடவையும் சுற்றினாள். மூன்றாவது முறை அவர் கேட்டபோது, "இல்லீங்க" என்றாள்.

என் ஸ்பீக்கரில் இரைச்சல் நின்றுவிட்டது. எதைப் போட்டுக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.