ஐம்பத்து மூன்று வயதில் ஒரு இன்டர்வியூ

இரண்டு மாதத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் இன்டர்வியூவுக்குப் போனார். வயது ஐம்பத்து மூன்று.

இருபத்தாறு வருடம் ஒரே கம்பெனி. மில் மெஷின்களுக்கு உதிரி பாகம் செய்கிற இடத்தில் குவாலிட்டி பிரிவின் தலைவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். மூன்று மாதமாக வீட்டில் இருந்தார். இருந்தார் என்றால்... காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலில் வந்து உட்காருவார். எங்கேயும் போவதற்கில்லை. உட்காருவார், அவ்வளவுதான். அதைப் பார்ப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனி கூப்பிட்டதும் நான் களத்தில் இறங்கிவிட்டேன். சும்மாவா? சரவணம்பட்டி பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ பயிற்சி கொடுப்பதுதானே என் பிழைப்பு! 'அஞ்சு வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?' – இந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று பதிலை எழுதியே கொடுத்தேன். கம்பெனியோடு சேர்ந்து வளர வேண்டும், பெரிய பொறுப்புகளை ஏற்க வேண்டும், ஒரு டீமை வழிநடத்த வேண்டும்...

படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இது இருபத்திரண்டு வயசுப் பையன் சொல்ற பதிலாச்சே?"

"எல்லாரும் இதத்தானுங்க சொல்றாங்க. மனப்பாடம் பண்ணுங்க."

பண்ணினார். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்து நடந்து.

மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கேட்டேன்.

"அந்தக் கேள்வி வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. பாதி சொன்னேன். கேட்ட புள்ளைக்கு நம்ம மக வயசுதான் இருக்கும். குனிஞ்ச தல நிமிரல. காலைல இருந்து இதையே கேட்டு அலுத்திருக்கும் போல. நிறுத்திப்போட்டேன்."

"நிறுத்திப்போட்டு?"

"'மேடம், அஞ்சு வருசத்துல எனக்கு அம்பத்தெட்டு. நீங்களே மாலை போட்டு அனுப்பிச்சுருவீங்க. அதுவரைக்கும் சரியில்லாத பம்ப் ஒண்ணுகூட என்னையத் தாண்டி வெளிய போகாதுங்க. அவ்வளவுதான் சொல்லத் தெரியுமுங்க'ன்னேன்."

போச்சு! எழுதிக் கொடுத்ததைச் சொல்ல என்ன கேடு, இந்த வயசில் இன்னொரு இன்டர்வியூ வருமா என்று சத்தம் போட்டேன்.

அவர் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் புள்ள சிரிச்சுருச்சு. அப்புறம் நிமிந்து பாத்து, 'வேலைய விடுங்க சார். உங்களுக்குன்னு என்ன ஆசை?'ன்னு கேட்டுச்சு. எனக்கு ஒண்ணுமே தோணல அம்மணி. முழிச்சுட்டு உக்காந்திருந்தேன்."

தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவருடைய வருடங்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதலில் தங்கச்சி கல்யாணம். அப்புறம் வீடு. அப்புறம் மகள் படிப்பு. நடுவில் என் அம்மாவின் ஆபரேஷன். எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறோம். எல்லாவற்றிலும் அவர் இருந்தார். எதுவும் அவருக்கானது இல்லை.

இருபத்திரண்டு வயதில் ஊரே கேட்கிறது – என்ன ஆகப்போறே? வேலை கிடைத்த நாளோடு அந்தக் கேள்வி நின்றுபோகிறது. அப்புறம் கேட்பதெல்லாம், எத்தனை மணிக்கு வருவீங்க, ஃபீஸ் கட்டியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா... நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் நான் கேட்டிருக்கிறேன். என் வீட்டில் இருப்பவரிடம் கேட்க, முன்பின் தெரியாத ஒரு பெண் வர வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மெதுவாக ஆரம்பித்தேன். "ஏனுங்க, உங்களுக்கு என்னதானுங்க ஆசை?"

"திடீர்னு கேட்டா எப்படி?" என்றார். விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள் அந்தக் கம்பெனியிலிருந்து போன். வேலை கிடைத்துவிட்டது! பழைய பதவியைவிட ஒரு படி கீழேதான். எதற்காக எடுத்தார்கள்? அனுபவத்துக்காகவா, அந்தப் பேச்சுக்காகவா? எங்களுக்குத் தெரியாது. "வந்து சேர்ந்துக்கறேனுங்க" என்றார்.

சேர்ந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை. தேங்காய் துருவிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்.

"நீச்சல் கத்துக்கோணும்."

"என்னதுங்க?"

"அன்னைக்குக் கேட்டியல்ல... நீச்சல். உடுமலைல படிக்கறப்ப எல்லாப் பசங்களும் கெணத்துல குதிப்பானுங்க. நான் மட்டும் மேல நின்னு அவனுங்க துணிக்குக் காவல்."

இந்த வயசில் எதுக்குங்க – நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருடமாக இது எங்கே இருந்தது? பதினேழு நாள் தேடியல்லவா எடுத்திருக்கிறார்!

இப்போது ஞாயிறு காலையில் நீச்சல் குளத்துக்குப் போகிறார். மூன்று வாரமாகிவிட்டது. இன்னும் ஓரத்துக் கம்பியை விடவில்லை. போன வாரம் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்து உதைத்து, குளத்துத் தண்ணீரில் பாதியை வெளியே இறைத்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். கேட்டுப் பாருங்கள். முழித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள் – இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.