கால், இடுப்பு, கை

வைரவன் மாமா என் அக்கா ஜெயபாரதியின் கணவர். நந்தனம் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில், ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் வேலை. அந்த ஆட்களைக் கேடி என்பார்கள். நானும் அங்கேதான் களை பிடுங்குகிறேன். குனிந்தே இருப்பதால் ஆட்களின் முகத்தைவிடக் கால்கள்தான் என் கண்ணில் படும்.

திங்கட்கிழமை உறுப்பினர்கள் வருவதில்லை. அன்று கேடிகள் ஆடிக்கொள்ளலாம். சொல்லித் தர ஆள் கிடையாது. யாருடைய பையைச் சுமக்கிறார்களோ, அவரைப் பார்த்து அப்படியே அடிப்பார்கள். மாமா பல வருடம் சுமந்தது இடது இடுப்பு சரியில்லாத ஒருவரின் பையை. அவர் எடையை வலது காலிலேயே வைத்துக்கொண்டு, கைகளால் மட்டும் வீசுவார். இடுப்பில் ஒரு குறையும் இல்லாத மாமாவும் அப்படியே பழகிவிட்டார். பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போகும்.

"இன்னா மாமா, பையோட சாரு இடுப்பையும் தூக்கிகினு வந்துட்டியா?" என்று இன்னொரு கேடியான நதீம் கேலி செய்வான்.

இந்த வருடம், உறுப்பினர்களுக்கு ஆட்டம் சொல்லித் தரும் பயிற்சியாளருக்கு ஓர் உதவியாளர் தேவைப்பட்டது. கேடிகளுக்குள் போட்டி வைத்து, ஜெயிப்பவரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பை சுமந்து சுமந்து மாமாவின் தோள் ஒரு பக்கம் இறங்கிப்போயிருந்தது. அந்த வேலை அவருக்கு வேண்டும்.

மாமா அடிப்பதை நதீம் போனில் படம் பிடித்துக் காட்டினான். மட்டை கீழே வரும்போது கைகள் முந்திக்கொண்டு ஓடின. கால்கள் வேடிக்கை பார்த்தன.

அன்றிலிருந்து மாமா கால்களைப் பழக்கினார். மட்டையை ஓங்கும்போது இடது குதிகாலை லேசாக எழுப்புவார். மட்டை உச்சியைத் தொடும் முன்பே குதிகாலை ஊன்றிவிடுவார். எடை இடது காலுக்கு வரும், இடுப்பு திரும்பும், கைகள் கடைசியில் வரும். "கால், இடுப்பு, கை" என்று முணுமுணுப்பார். அசோக் நகர் பேருந்து நிறுத்தத்தில் குடையை மட்டை போலப் பிடித்துக்கொண்டும் அதேதான். முதலில் இடுப்பு அவசரப்பட்டது, கைகள் பின்தங்கின. பாதி வீச்சில் மெதுவாக அடித்துப் பார்த்தார். பந்து நேராகப் போகத் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிவது போல, அவருடைய இடது முட்டியிலிருந்து. மாமா சுற்றும் முற்றும் பார்த்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார்.

மறுநாள் சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் படியிறங்கினார்.

"முட்டி வீங்கிக்கீது மாமா."

"தெரியும். டாக்டராண்ட போனேன். ஜவ்வு கிழிஞ்சிகீதாம். திருப்பவே கூடாதுன்றாரு."

"அப்போ?"

"பழைய மாதிரி அடிச்சா வலிக்கல. ஆனா ஜெயிக்க முடியாதே."

அக்காவிடம் சொன்னேன். அவள் மருந்துக்கடையில் முட்டி உறை வாங்கி வந்தாள். "ஒரு மேட்ச்தானடி. அப்புறம் பை தூக்க வேணாம், நடக்க வேணாம். கால் தானா சரியாயிடும்," என்றாள். மாமாவும் அதைத்தான் நம்பினார்.

போட்டியன்று ஒவ்வொரு முறை பந்தை அடித்த பிறகும் அவர் நடை குறுகிக்கொண்டே வந்தது. கடைசிக் குழியில் நதீமும் அவரும் சமம். மாமா ஓங்கினார். குதிகால் ஊன்றியது, இடுப்பு திரும்பியது, கைகள் தானாக வந்தன. பந்து குழியில் நட்ட கொடிக்கம்பத்தின் அருகில் போய் நின்றது. பந்து நின்ற பிறகும் மாமா அசையவில்லை. மட்டை தோளுக்குப் பின்னால், எடை முழுவதும் இடது காலில்.

"போதும் மாமா, போஸ் குடுத்தது! போட்டோவா புடிக்கிறாங்க?" என்று நதீம் கத்தினான். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். இடது முட்டி அந்த உறைக்குள் நடுங்குவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா ஜெயித்தார். பயிற்சியாளர் வந்து முதுகில் தட்டினார்.

"காலு ரொம்ப அழகா வேலை செய்யுதுப்பா. நாளைக்கு காலைல வந்துடு, புது பேட்ச் பசங்க வர்றாங்க. நான் பேசுவேன். நீ இதே மாதிரி அடிச்சி காட்டிகினே இருக்கணும்."

"எவ்ளோ நேரம் சார்?"

"அவங்களுக்குப் புரியற வரைக்கும்."

மாமா சிரித்துத் தலையாட்டினார். பயிற்சியாளர் திரும்பிப் போனதும் என் தோளைப் பிடித்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டுப் பேசியதுகூட இல்லை. மெல்ல மெல்ல, அவருடைய எடை முழுவதும் என் மேல் இறங்கியது.