நம்பர் கொடுத்த படகு

ஜெலுத்தோங்கில் ஒரு குறுக்குச் சந்து. இருபுறமும் ஒட்டி ஒட்டி வீடுகள். வலது வரிசையில் எட்டாவது வீட்டில், கார் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு படகு வயிற்றைக் காட்டிக் கவிழ்ந்து கிடந்தது. கார் பாவம், ஏழு மாதமாகத் தெருவில் நின்று வெயிலும் மழையும் பார்த்துக்கொண்டிருந்தது. கார் நல்லமுத்துவுடையது. படகு அவர் மனைவி குமுதாவுடையது. அந்த வீட்டில் யாருக்குச் செல்வாக்கு என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

குமுதாவுக்கு வயது ஐம்பத்துமூன்று. நீச்சல் தெரியாது. அதை யாராவது கேட்டு மட்டம் தட்டுவதற்குள் அவளே முதலில் சொல்லிவிடுவாள். நல்லமுத்து லிப்ட் பழுதுபார்க்கிறவர். நாற்பது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார், ஆனால் தண்ணீரைக் குடிப்பதற்கு மேல் எதற்கும் நம்பமாட்டார். இப்படிப்பட்ட வீட்டில் படகு முளைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு வாய்ச்சொல்.

இருபத்தோரு வருடம் குமுதா புக்கிட் மெர்தாஜாமிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கடல் பாலத்தைக் கடந்து, தீவிலுள்ள பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தாள். சாமானில் கண்ணுக்குத் தெரியாத கீறலைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை ரமணிக்கு. ரமணி இரண்டு நிறுத்தம் தள்ளி ஏறுகிறவள் என்பதால் சன்னலோரம் எப்போதும் குமுதாவுக்குத்தான் கிடைக்கும். அந்த வயிற்றெரிச்சலை ரமணி இருபத்தோரு வருடமும் சொல்லிக்காட்டினாள். பாலத்தில் ஏறியதும் இருவரும் கீழே தெரிகிற படகுகளைப் பங்கு பிரிப்பார்கள். பச்சை உனக்கு, நீலம் எனக்கு. காசா பணமா, ஆளுக்கு நாலு படகு எடுத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் கம்பெனி ஆள் குறைத்தபோது குமுதா வெளியே வந்தாள். நல்லமுத்துவின் வேலைக்கு வசதியாகத் தீவுக்கே குடிமாறுவதென்று முடிவாயிற்று. கடைசி நாள் பஸ்ஸில் ரமணி பாலம் முழுக்க அழுதாள். அவள் வாயை அடைக்கக் குமுதா என்னவோ சொல்லவேண்டியிருந்தது.

“அழாதடி. உன் கடைசி நாளு அன்னிக்கு நான் கீழ படகுல நின்னு உனக்குக் கை காட்டுறேன் பாரு.”

பஸ்ஸே சிரித்தது. ரமணி மட்டும் சிரிக்காமல் மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கெல்லாம் கதை சொன்னாள். போன தீபாவளிக்குப் போன் பண்ணி, “ஜூன் முப்பது எனக்குக் கடைசி நாளு. சாயங்காலம் மூணே முக்காலுக்கு பஸ் பாலத்துல இருக்கும்லா. உன் படகு ரெடியா?” என்றாள். ஏறக்குறைய ரெடி என்று குமுதா சொல்லிவிட்டாள். அப்போது அவளிடம் ஒரு குச்சிகூட இல்லை.

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, இனி நனைய வேண்டியதுதான். இணையத்தில் படம் பார்த்துப் பார்த்துக் கற்றாள். பிளைவுட் பலகையைத் துண்டு துண்டாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, இடுக்கில் பசை ஊற்றவேண்டும். இருபது வருடமாகத் தன் இரவிக்கையைத் தானே தைத்துக்கொள்கிறவளுக்கு இது பெரிய வித்தையாகப் படவில்லை. மே மாதம் பிறந்தபோது பதின்மூன்று அடியில் ஒரு படகு இருந்தது.

தூரத்தில் நின்று பார்த்தால்தான் அது படகு. கையை வைத்தால் மழைக்காலத்துச் சாலை. மேட்டைத் தேய்த்து, பள்ளத்தில் பட்டி பூசி, மறுபடி தேய்த்து, மறுபடி பூசி, ஒரே வளைவாக ஓடும்வரை விடக்கூடாது. கண் இதில் ஏமாற்றும், கை ஏமாற்றாது. குமுதா பழைய தொழிற்சாலைக் கையுறையை மாட்டிக்கொள்வாள். மெல்லிய வெள்ளைத் துணி. கண்ணை மூடி உள்ளங்கையை வழுக்கவிட்டால், தலைமுடி கனத்துப் பள்ளமும் அவளிடம் அகப்பட்டுவிடும். ஆனால் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கை சொல்லாது. அதற்கு அவள் ஒரு யோசனை பண்ணினாள். தீபாவளிக்குப் போட்டு மீந்த சிவப்புக் கோலப்பொடியை எடுத்துப் படகு முழுக்கத் தடவினாள். பிறகு நீளப் பலகையில் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்தாள். மேடெல்லாம் வெளுத்தது, பள்ளத்தில் மட்டும் சிவப்பு தங்கியது. பூச வேண்டிய இடம் பளிச்சென்று தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி கறிவேப்பிலை கேட்டு வந்தாள்.

“அக்கா, இது என்னா, ஒம்போது மாதிரி இருக்கு?”

“அது பள்ளம்.”

“பள்ளமா இருக்கட்டும்லா. பக்கத்துல ஒரு சீரோ. அப்புறம் ரெண்டு ஏழு.”

“எல்லாம் பள்ளந்தான், தனா. பட்டி பூசணும்.”

தனலெட்சுமி போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கறிவேப்பிலையை மறந்துவிட்டுப் போனாள். புதன்கிழமை லாட்டரிக் குலுக்கலில் அந்த நாலு நம்பருக்கு ஆறுதல் பரிசு அடித்தது. ஒரு காலில் செருப்பு, மறுகாலில் இல்லை, அப்படி ஓடிவந்து குமுதாவைக் கட்டிப்பிடித்தாள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மறுநாள் காலை வாசலில் பதினொரு பேர். படகின் முதுகில் ஒரு எலுமிச்சம்பழம். எதிர்வீட்டுச் சீனர் ஊய் அங்கிள் மூன்று ஊதுபத்தி கொளுத்தி, பூந்தொட்டியில் செருகியிருந்தார். கோலப்பொடியை யாரோ குங்குமம் என்று சொல்ல, குங்குமம் வைத்த படகு சும்மா படகா என்று அடுத்தவர் கேட்க, ஊர் வாய்க்கு மூடி ஏது. குமுதா பலகையைக் கையில் எடுத்தால் போதும், பதினொரு பேரும் பதறினார்கள். சனிக்கிழமைக் குலுக்கல் முடியட்டும் என்றார்கள். சனி முடிந்தால் ஞாயிறு, ஞாயிறு முடிந்தால் புதன். தேய்க்க நாளே இல்லை. பாதி ஜூன் வழுக்கிக்கொண்டு போயிற்று.

வீட்டுக்குள்ளாவது நியாயம் உண்டா என்றால் அதுவும் இல்லை. ஒரு சாயங்காலம் நல்லமுத்து படகுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நீங்களுமா?”

“பள்ளம் எவ்ளோ ஆழம்னு பாத்தேன்,” என்றார். சட்டைப் பையில் நாலு நம்பர் எழுதிய சீட்டு எட்டிப்பார்த்தது.

அன்றைக்கு அவர் உள்ளே போனபின் குமுதா கையுறையை மாட்டிக்கொண்டு படகைத் தடவினாள். மூக்குப் பக்கம் வந்ததும் கை நின்றது. அவள் பூசி, தேய்த்து, முடித்துவைத்த இடம் அது. யாரோ ஒரு புண்ணியவான் ஆறாம் நம்பர் தெளிவாகத் தெரியவேண்டுமென்று பெருவிரலில் உப்புத்தாளைச் சுற்றி அந்த இடத்தை மட்டும் தேய்த்திருக்கிறார். பெருவிரல் அளவுக்குப் புதுப் பள்ளம். குமுதா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எரிச்சலில் பாதி, பயத்தில் பாதி. அந்த நேரம் ரமணி போன் பண்ணினாள்.

“டிரைவர் அண்ணங்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு எடது பக்கம் மெதுவா ஓட்டுறேன்னாரு. வந்துருவதானே?”

“வந்துருவேன்,” என்றாள் குமுதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மறுநாள் காலை கூட்டம் வந்தபோது, அவள் நீளப் பலகையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நம்பர் வேணுமா? இதெல்லாம் சும்மா நம்பர். படகுக்குன்னு சொந்தமா ஒரு நம்பர் இனிமேதான் வரும். வேலை முடிஞ்சு, ஆபீசர் வந்து பாத்து, கவர்மெண்டே கொடுக்கும். மூக்குல எழுதணும். நாலு நம்பர்.”

ஊய் அங்கிள் ஊதுபத்தியை அணைத்தார்.

“பள்ளம் இருந்தா கொடுப்பாங்களா, அக்கா?” என்றாள் தனலெட்சுமி.

“எப்படிக் கொடுப்பாங்க?”

இது பச்சைப் பொய். படகு ஒழுகுகிறதா, மிதவைச் சட்டை இருக்கிறதா என்பதைத்தான் ஆபீசர் பார்ப்பார். வழவழப்பு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும்போது குமுதாவின் முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டுமே.

அதற்கப்புறம் நடந்தது ஊர் கூடித் தேர் இழுத்த கதைதான். இரண்டு பலகை, பலகைக்கு இரண்டு பேர், அரை மணிக்கு ஒரு மாற்று. விரலால் தொடக்கூடாது, ஓரிடத்தில் அழுத்தக்கூடாது, மூலைக்கு மூலை நீளமாக இழுக்கவேண்டும் என்று குமுதா மேற்பார்வை பார்த்தாள். ஊய் அங்கிள் ஹொக்கியனில் எண்ண, தனலெட்சுமி தமிழில் எண்ண, பலகை எந்த மொழிக்கும் கட்டுப்படாமல் ஓடியது. சிவப்புத் தூசு பறந்து எல்லார் புருவமும் ரோஸ் ஆனது. தெருமுனை வெள்ளை நாய் இரண்டு வாரம் ரோஸ் நாயாக அலைந்தது. நல்லமுத்து லீவு போட்டார். எட்டு நாள் பூசினார்கள், தேய்த்தார்கள், பூசினார்கள்.

ஒன்பதாம் நாள் கடைசியாகப் பொடி தடவித் தேய்த்தபோது சிவப்பு மொத்தமாகப் போய்விட்டது. ஒரு பொட்டுகூடத் தங்கவில்லை. குமுதாவின் ஒற்றைக் கையுறை கைக்குக் கை மாறியது, ஒவ்வொருவரும் கண்ணை மூடித் தடவினார்கள். தனலெட்சுமி இரண்டு தரம் தடவினாள்.

“ஒண்ணுமே இல்லையே, அக்கா,” என்றாள், அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல். குமுதா அவளைப் பிடித்துச் சுற்றிய சுற்றில் இருவரும் பூந்தொட்டியில் போய் மோதினார்கள்.

படகுக்கு மஞ்சள் பூசினார்கள், மேலிருந்து தெரியவேண்டுமே. ஆபீசர் வந்தார், ஒழுகவில்லை என்றார், மிதவைச் சட்டையை எண்ணினார், நம்பர் கிடைத்தது. மூக்கில் எழுதும் பொறுப்பு நல்லமுத்துவுக்கு. சுற்றிலும் முப்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில், நாற்பது மாடியில் நடுங்காத கை அன்றைக்கு நடுங்கியது. மூன்றும் எட்டும் அண்ணன் தம்பியாக விழுந்தன.

ஜூன் முப்பது, மூன்றே முக்காலுக்குப் பத்து நிமிடம். ஊய் அங்கிள் தூண்டில் போடப் போன காலத்து மோட்டரைக் கொண்டுவந்து பூட்டி, தானே பின்னால் உட்கார்ந்து ஓட்டினார். நல்லமுத்து மிதவைச் சட்டைக்கு மேல் இன்னொரு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு நடுவில் கண்ணை மூடியிருந்தார். குமுதா முன்னால். படகு தண்ணீரை ஓசையில்லாமல் வகுந்துகொண்டு போனது. பாலம் தலைக்கு மேல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. போன் அடித்தது.

“எங்கடி இருக்க?” என்றாள் ரமணி.

“கீழதான். எல்லா பஸ்ஸும் ஒரே மாதிரி தெரியுதுடி.”

“மெதுவா வருதே, பின்னால எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்களே, அதான் நம்ம பஸ்.”

குமுதா நிமிர்ந்தாள். இடது பக்கச் சன்னல்கள் முழுக்க வெள்ளை வெள்ளையாக என்னவோ ஆடியது. கைகள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் தொழிற்சாலைக் கையுறையை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் அசைத்துக்கொண்டிருந்தார்கள். குமுதாவும் தன் கையுறையைத் தூக்கி ஆட்டினாள். அது ரோஸாக இருந்தது. சந்தோஷம் தாங்காமல் அவளுக்கு அழுகை வந்தது.

“அழாதடி, எனக்கும் வரும்,” என்றாள் ரமணி. அவளுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. “ஒண்ணு மட்டும் சொல்லு. மூக்குல எழுதியிருக்கீங்களே, போன்ல பெருசு பண்ணிப் பாத்துட்டோம். ரெண்டாவது மூணா, எட்டா? இங்க எல்லாரும் பேனாவோட நிக்கிறாங்க.”

குமுதா சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. நல்லமுத்து கண்ணைத் திறக்காமலே, “எட்டு, எட்டு,” என்றார்.

“எட்டாம்டி.”

மேலே பஸ் முழுக்க எட்டு எட்டு என்று கூச்சல் கேட்டது. பிறகு பஸ் நகர்ந்து சின்னதாகிவிட்டது. போனில் ரமணி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் இருந்தது.

“அங்க எடம் இருக்காடி?” என்றாள்.

“நாளைலருந்து உனக்கு வேலை இல்லதானே. கெளம்பி வா.”

“சன்னலோரம் நீ எடுத்துக்குவ.”

குமுதா படகைச் சுற்றி நாலு பக்கமும் பார்த்தாள்.

“இங்க எல்லா எடமும் சன்னலோரந்தான்டி,” என்றாள்.