மருந்து வேலை செய்கிறது

கொரோனாவின் இரண்டாவது அலையில் எங்கள் வீட்டில் நடந்த சண்டை ஒரு மாத்திரையைப் பற்றியது. வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின். அது கொரோனாவுக்குக் கேட்கும் என்றார் என் கணவரின் தம்பி. கேட்காது என்றாள் என் மகள். காய்ச்சலோடு படுத்திருந்தவர் என் கணவர். யார் சொல்வதைக் கேட்பது என்று முடிவு செய்யவேண்டியவள் நான்.

முடிச்சூரில் லிஃப்ட் இல்லாத குடியிருப்பில் மூன்றாம் மாடி எங்களுடையது. கொழுந்தனார் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கம்பி, சிமெண்ட் வியாபாரம். ஊரடங்கில் கடையை மூடிவிட்டுத் தாம்பரத்தில் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கி, எங்கும் கிடைக்காமல் போன அந்த மாத்திரையை எப்படியோ வாங்கிவிட்டார். எங்கள் பால்கனிக்குக் கீழே வந்து நின்று கத்தினார்.

"அண்ணி, பைய எறக்குங்க!"

பால்காரருக்காகக் கயிற்றில் கட்டி வைத்திருந்த துணிப்பையை இறக்கினேன். ஒரு அட்டை மாத்திரையும் இரண்டு இளநீரும் மேலே வந்தன.

மகள் புனேயில் கணினி வேலை பார்க்கிறாள். அவளால் வரமுடியவில்லை. வீடியோவில்தான் எங்களோடு இருந்தாள். அன்று இருவரையும் ஒரே அழைப்பில் சேர்த்துவிட்டேன். சேர்த்திருக்கவேண்டாம்.

"சித்தப்பா, அது பூச்சி மருந்து. வைரஸ் என்ன நாக்குப்பூச்சியா?"

"ஏம்மா, கம்ப்யூட்டர் படிச்சா டாக்டராயிடுவியா நீ?"

"சிமெண்ட் வித்தா மட்டும் ஆயிடலாமா?"

"நான் சொல்லல தாயே, நம்ம டாக்டரே சொல்றாரு. எங்க தெருவுல வூட்டுக்கு வூடு இதான். எல்லாம் எழுந்து நடக்குதுங்க."

"சாப்பிடலன்னாலும் நடந்திருப்பாங்க. முக்காவாசிப் பேருக்குத் தானாவே சரியாயிடுது."

"அப்ப உங்கப்பனுக்கும் தானாவே சரியாவட்டும்னு உக்காந்திருக்கச் சொல்றியா?"

மகள் போனை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. கொழுந்தனாரும் உடனே குரலை இறக்கிக்கொண்டார்.

எதையும் இரு தரப்பும் பார்க்காமல் நான் முடிவு செய்வதில்லை. கல்லூரி அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துப் பார்த்து வந்த வழக்கம். நாங்கள் எப்போதும் பார்க்கும் மேற்குத் தாம்பரத்து டாக்டர், "குடுங்கம்மா, கெடுதல் ஒண்ணும் இல்ல" என்றார். மகள் தன் தோழியின் கணவரான இன்னொரு டாக்டரைப் பிடித்துக் கொடுத்தாள். அவர், "பிரயோஜனம் இருக்குன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல" என்றார். அரசின் வழிகாட்டுதல் ஒன்றில் அந்த மருந்தின் பெயர் இருந்தது. இன்னொன்றில் இல்லை. சோதனைச்சாலையில் வைரஸைக் குறைத்தது என்றது ஒரு கட்டுரை. அந்த அளவு மருந்தை மனித உடம்பில் ஏற்றவே முடியாது என்றது மற்றொன்று. இரண்டையும் அச்செடுத்து மேஜையில் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு கோடு போட்டுப் படித்தேன். பக்கத்து அறையில் என் கணவர் இருமிக்கொண்டிருந்தார்.

முடிவை அவர்தான் எடுத்தார். பால்கனி வழியாகத் தம்பியின் குரல் மறுபடி கேட்டதும் கண்ணைத் திறந்தார்.

"குடுத்துடு. அவன் வெயில்ல நிக்கிறான்."

எப்படிக் கொடுக்கவேண்டும் என்று கொழுந்தனார் விளக்கமாகச் சொன்னார். அது டாக்டர் சொன்ன முறை இல்லை, அவர்கள் வீட்டு முறை. பள்ளிக்கூட லீவு விட்டால் அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு வரிசையாகப் பூச்சி மருந்து கொடுப்பார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் மருந்து. அதற்குப் பிறகு கஞ்சித்தண்ணி மட்டும். பகல் முழுக்கப் பாயில் படுத்திருக்க வேண்டும். பிள்ளைகள் துவண்டு போய்க் கிடப்பார்கள். யாரும் எழுப்பக்கூடாது. துவண்டு கிடந்தால் உள்ளே பூச்சி சாகிறது என்று பொருள். என் மாமியார் அப்படித்தான் சொல்வாராம். என் மகளுக்குச் சின்ன வயதில் நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபின் எனக்கும் அதுவே முறையாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கொடுத்தேன். கஞ்சியை வடிகட்டி உப்புப் போட்டு இரண்டு வாய் புகட்டினேன். படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் இருமல் குறைந்தது. நெற்றியில் கை வைத்தால் சூடு இல்லை. இத்தனை நாளும் புரண்டு புரண்டு படுத்தவர் அன்று ஒரே பக்கமாகக் கிடந்தார். "என்னங்க" என்றால் "உம்" என்றார். எனக்கு உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கியதுபோல் இருந்தது. படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போட்டேன்.

கொழுந்தனார் போனில், "எப்படி இருக்காரு?" என்றார்.

"தூங்கறாரு தம்பி. அசதியா இருக்காரு."

"அப்ப மருந்து வேல செய்யுது அண்ணி. எழுப்பாதீங்க. எங்க அந்த டாக்டரம்மா? சொல்லுங்க அவகிட்ட!"

மகளிடம் சொன்னேன். "ஜுரம் அதுவா எறங்கியிருக்கும்மா" என்றாள். ஆனால் அவள் குரலிலும் நிம்மதி. அப்பாவைக் காட்டு என்றாள். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"எழுப்பட்டுமா?"

"வேணாம்மா. பாவம், எத்தன நாளாச்சு தூங்கி."

எத்தனையோ நாட்களாக முட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவும் மகளும் ஒரே மாதிரி சொன்னது அந்த ஒன்றைத்தான்.

விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர் எங்கள் குடியிருப்புக்கே பொதுவாக ஒன்றுதான் இருந்தது. அன்று கீழ்வீட்டில் இருந்தது. காலையிலேயே மேலே கொண்டு வரட்டுமா என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாள். தூங்குகிறார், அப்புறம் போதும் என்றேன். மாலை அவள் அதை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஸ்பிரிட்டில் துடைத்து அவர் விரலில் மாட்டினேன். எண்பதுக்கும் கீழே காட்டியது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து என் விரலில் மாட்டினேன். எனக்குத் தொண்ணூற்றெட்டு காட்டியது. மறுபடி அவருக்கு மாட்டினேன். அப்போதுதான் அவர் நகங்களைப் பார்த்தேன். நீலமாக இருந்தன.

"என்னங்க! என்னங்க!"

"உம்" வரவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போட்ட போனை யாரும் எடுக்கவில்லை. கொழுந்தனார் கடையில் கம்பி ஏற்றும் குட்டியானை வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். அவரும் நானும் கீழ்வீட்டுக்காரரும் என் கணவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, துண்டால் நெஞ்சோடு கட்டி, மூன்று மாடி இறக்கினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் தலை என் தோளில் வந்து விழுந்தது. வண்டியில் சிமெண்ட் தூசி படிந்த தார்ப்பாயின் மேல் மெத்தையைப் போட்டுப் படுக்கவைத்தோம். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். ஜிஎஸ்டி சாலை வெறிச்சோடிக் கிடந்தது. வழி முழுக்க அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே போனேன்.

மூன்றாவதாகப் போன ஆஸ்பத்திரியில்தான் உள்ளே விடுவதாகச் சொன்னார்கள். அதுவும் வரிசையில். வாசலில் ஆம்புலன்ஸ்களும் ஆட்டோக்களும் நின்றன. உடல் முழுக்க வெள்ளை உறை போட்ட ஒரு இளம் டாக்டர் வண்டி வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன மருந்து குடுத்தீங்க?"

"ஐவர்மெக்டின் மேடம், காலைல" என்றார் கொழுந்தனார். சட்டைப்பையிலிருந்து மீதி அட்டையை எடுத்துக் காட்டினார்.

டாக்டர் அதைப் பார்க்கவே இல்லை. "எப்பலேர்ந்து இப்படித் தூங்கறாரு?"

நானும் கொழுந்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "காலைலேர்ந்து" என்றேன்.

"இது தூக்கம் இல்லம்மா" என்றார். உள்ளே திரும்பி ஸ்ட்ரெச்சருக்குக் குரல் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

ஸ்ட்ரெச்சர் வரவில்லை. பக்கத்து ஆட்டோவில் ஒரு பெண், மடியில் கணவனின் தலையை வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனார் கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள்.

"அண்ணா, அது அந்த மாத்திரதான? எங்கயும் கெடைக்கல அண்ணா. ஒண்ணே ஒண்ணு குடேன். காசு குடுத்துடறேன்."

கொழுந்தனார் என்னைப் பார்த்தார்.

"அது வேணாம்மா" என்றேன். "அவர எழுப்பு. பேச்சுக் குடு. தூங்க விடாத."

"நீங்க மட்டும் குடுத்தீங்க இல்ல? எங்களுக்கு இன்னாத்துக்கு இல்லன்றீங்க? என் வூட்டுக்காரன் பொழைக்கவேணாமா?"

"குடுத்துதான்மா இப்படி வந்து நிக்கிறோம்."

"குடுக்காமயும்தான் இங்க வந்து நிக்கறேன்!" என்று கத்தினாள்.

படித்த அத்தனையும் என் தலைக்குள் இருந்தது, அவள் சொன்னதற்கு ஒரு வரிகூட அதில் இல்லை. கொழுந்தனார் வண்டியிலிருந்து இறங்கிப் போய் அட்டையை அவள் கையில் வைத்தார். நான் தடுக்கவில்லை. அவள் அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஸ்ட்ரெச்சர் வந்தது. கண்ணாடிக் கதவு வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அங்கே விடச்சொன்னார்கள். விட்டேன்.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. மகள் வந்து சேர்வதற்குள் போய்விட்டார். மின்மயானத்தின் வெளியே, இரும்பு வேலியின் ஓரமாக நாங்கள் மூவரும் நின்றோம். கட்டி மூடிய உறையில் அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கொழுந்தனார் முகக்கவசத்தை இறக்கிவிட்டு மகளிடம் கேட்டார்.

"நீ சொன்னதுதான் சரியாம்மா? நான்தான் குடுத்துக் கெடுத்துட்டனா?"

மகள் வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மாத்திர ஒண்ணும் பண்ணல சித்தப்பா. நல்லதும் பண்ணல, கெட்டதும் பண்ணல."

"அப்புறம் எதும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன்ல அப்பாவப் பாத்தேன் சித்தப்பா. நானும்தான் எழுப்பவேணாம்னு சொன்னேன்."

கொழுந்தனார் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். தொடக்கூடாது என்று காவலாளி தூரத்திலிருந்து கத்தினார். இருவரும் விலகவில்லை.